கொடுத்தேன் என்கிறார்

நவம்பர் 11, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குளம் படி மேலே ஏறிவிட்டது என்றான் பால்காரன். துணி ஒன்றும் காயவில்லை. ஈரப் புடவையோடு ஆபீஸ் போகணுமே என்று முனகிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ.

கோர்ட் சேவகன். தலையில் கோணி.

"இன்னாமா, விசாலாட்சின்றது யாரு?"

"நான்தான்."

"பெங்களூர் கோர்ட்லேர்ந்து சம்மன் வந்துகீது. இங்க ஒரு கையெயுத்து போடும்மா. மயைல நின்னுக்கினு கீறேன் பாரு."

போட்டேன்.  

மனு போட்டிருப்பது சந்துருவின் அப்பா, பெ. (அந்தப் பெயரை என் கையால் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பெங்களூர்க்காரர், அதனால் பெ. அது போதும்.) அவர் இரண்டாவது கல்யாணம் பண்ணிக்கொண்டு என்னையும் குழந்தையையும் வெளியே அனுப்பினபோது, சந்துருவுக்கு ஜீவனாம்சமாக மாசம் இருபது ரூபாய் கொடுக்கவேண்டும் என்று அந்த ஊர்க் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அதைத்தான் ரத்து செய்யச் சொல்கிறார். மைசூர் மகாராஜா சீமைக் கோர்ட்டு. இங்கிருந்து நான் போய் நிற்கவேண்டும். போகாவிட்டால் அவர் சொன்னதே சரி என்று முடித்துவிடுவார்கள்.

மனு இங்கிலீஷில். அண்ணா ஆபீஸிலிருந்து வந்ததும் படித்தார். பாதியில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார்.

"என்ன அண்ணா?"

"சந்துருவை எனக்குச் சுவீகாரம் கொடுத்தாச்சுன்னு எழுதியிருக்கான்டி."

மன்னி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். சாதத்தில் ஒரே கல். ரேஷன் அரிசி.

நவம்பர் 12, செவ்வாய்

மழை விட்டது. மாலையில் அண்ணாவும் நானும் லஸ் பக்கத்து வக்கீல் வீட்டுக்கு. நல்ல மனிதர், பொடி மட்டும் ஓயாது. அவர் சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

தத்து, சுவீகாரம் என்றால் தகப்பன் கொடுக்கவேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கும்போது தாயார் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கமுடியாது. அதனால் பெ. என்ன சொல்கிறார் என்றால், தானே மனசாரக் கொடுத்தேன் என்கிறார். சந்துருவின் பூணூலுக்கு முன்னால், அண்ணா பெங்களூர் வந்து கேட்டாராம்; குழந்தையில்லாத மனுஷர் கேட்கிறாரே என்று சரி சொன்னாராம். மாமாவுக்குப் பிள்ளையாகிவிட்டவனுக்குத் தான் ஏன் அழவேண்டும் என்று கேட்கிறார்.

"கொடுத்தேங்கறாரே, என்ன சாட்சி?" என்றேன்.

"பூணூல் பத்திரிகை" என்றார் வக்கீல்.

அண்ணா தரையைப் பார்த்தார்.

"இதுல உங்களுக்குப் போறது ரூபாய்னு மட்டும் நெனச்சுண்டிருக்கேளா? சுவீகாரம்னு கோர்ட்டு ஒத்துண்டுட்டா பையன் இவர் பிள்ளை. இவர் சம்சாரம் அவனுக்கு அம்மா. நீங்க யாரு அவனுக்கு? யோசிச்சுப் பாருங்கோ."

யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. "அத்தை."

"அதான்" என்று பொடி போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது டிராமுக்கு நிற்கவில்லை. நடந்தே வந்தோம். 

நவம்பர் 14, வியாழன்

பூணூல் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். ஆனி மாசத்தில் நடந்தது. மஞ்சள் இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எனது குமாரன் சிரஞ்சீவி சந்திரசேகரனுக்கு" என்று அழகாக அச்சு. கீழே அண்ணா பெயர்.

அன்றைக்கே கத்தினேன். தகப்பனார் பெயர் போட்டால் அவர் எங்கே என்று கேட்பார்கள். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். அதற்கு அண்ணா கண்டுபிடித்த வழி இது. "வார்த்தைதானேடி. ஊர் வாயை மூடணும்" என்றார். ஊர் வாய் மூடிற்றா என்றால், அதுவும் இல்லை. வடக்குத் தெரு மாமி பந்தியிலேயே கேட்டாள்.

இன்று கேட்டேன். "சரி, ஊருக்காகப் பொய் அடிச்சேள். அதை ஏன் பெங்களூருக்கு அனுப்பினேள்?"

"மரியாதை இல்லையா? ஆயிரம் இருந்தாலும் தகப்பன். மஞ்சள் தடவி ஒரு பத்திரிகை அனுப்பாம எப்படி இருக்கறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். உன் பிள்ளை என் பிள்ளை என்று அச்சடித்து, குங்குமமும் வைத்து, உன் பிள்ளை பூணூலுக்கு வா என்று அவருக்கே அனுப்புகிற சாமர்த்தியம் எங்கள் குடும்பத்துக்குத்தான் வரும். அந்த மனுஷர் வரவில்லை. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

அண்ணா சாப்பிடாமல் படுத்துவிட்டார். பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. இந்த ஆறு வருஷமாக எனக்கும் குழந்தைக்கும் சோறு போடுகிறவர்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. குடைக்கம்பி ஒடிந்தது.

நவம்பர் 16, சனி

வக்கீல் ஒரு யுக்தி சொன்னார். சுவீகாரம் ஆகியிருந்தால் பையனுக்கு அண்ணாவின் கோத்ரம், பாரத்வாஜம், வந்திருக்கவேண்டும். பூணூலில் சொன்னது தகப்பனார் கோத்ரம், கௌசிகம். அப்படியானால் அவன் இன்னும் தகப்பன் பிள்ளைதான். பூணூல் நடத்திவைத்த வாத்தியார் வந்து அதைச் சொன்னால் மனு தூள் தூளாகிவிடும்.

ஆபீஸ் அரை நாள். நேராக வாத்தியார் வீடு. வயசானவர், காது மந்தம். எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"கௌசிகம்னுதான் சொன்னேன். நன்னா ஞாபகம் இருக்கு."

"அதை அங்கே வந்து சொல்லுங்கோ மாமா. ரயில் செலவு நாங்க பார்த்துக்கறோம்."

"கோர்ட்டுல சத்தியம் பண்ணச் சொல்லுவாளே."

"உண்மையைத்தானே சொல்லப்போறேள்?"

"உண்மைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன்மா. கூண்டுல ஏறின வைதிகனை நாளைக்கு எவன் சிராத்தத்துக்குக் கூப்பிடுவான்? என் வயத்துல அடிக்காதே."

விபூதி கொடுத்தார். வாழைப்பழம் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் பழத்தை மாட்டுக்குப் போட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மறுபடி வக்கீல். வாத்தியார் வரமாட்டார் என்றேன். பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"பையன் அபிவாதயே சொல்லுவானோ?"

"நித்தியம் சொல்லறான்."

"அப்போ பையனே போதும். அங்கே மாஜிஸ்ட்ரேட் மைசூர்ப் பிராமணர்னு கேள்வி. ஒன்பது வயசுப் பையன் நமஸ்காரம் பண்ணி ரிஷி, கோத்ரம், பெயர்னு தன்னைச் சொல்லிண்டா அவருக்கு வேற சாட்சி வேண்டாம். நித்தியம் சொல்லறது குழந்தை வாயில தானா வரும். சொல்லிக்கொடுத்து வராது."

பெங்களூரில் தமக்குத் தெரிந்த வக்கீலுக்கு எழுதியிருக்கிறார். எதிர்மனுவில் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷில் என் பெயர் கோணலாக விழுந்தது.

பூணூல் அன்று வாத்தியார் சந்துருவுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. பெரியவாளுக்கெல்லாம் அபிவாதயே சொல்லு. பொம்மனாட்டிகளுக்கு வெறும் நமஸ்காரம். பெத்த அம்மாவுக்கு மட்டும் உண்டு. அசடு, அன்றைக்குப் பந்தலில் இருந்த மாமிகளை எல்லாம் விட்டுவிட்டு எனக்கு மட்டும் மூன்று தரம் சொன்னான்.

நவம்பர் 20, புதன்

ஆபீஸில் லீவ் கேட்டேன்.

"எதுக்கு லீவு?" என்றார் சூபரின்டெண்டென்ட்.

"பெங்களூர்ல ஒரு கல்யாணம் சார்."

"யார் கல்யாணம்?"

"ஒண்ணுவிட்ட அத்தான்."

அத்தான் இரண்டாவது கல்யாணமே பண்ணி ஆறு வருஷம் ஆகிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். லீவ் கிடைத்தது. வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னார், பெங்களூர் பூ பெரிசாக இருக்குமாம்.

என் ரேஷன் கார்டு மேஜையில் மாம்பலத்துக் கூட்டம் வழக்கம்போல. ஒரு கிழவர், செத்துப்போன பெண்சாதி பெயரைக் கார்டிலிருந்து அடிக்கவேண்டாம் என்று கெஞ்சினார். அரிசிக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். "அரிசியைக் கொறைச்சுக்கம்மா, பேரு மட்டும் இருக்கட்டும்" என்றார். விதியில் இடமில்லை. அடித்தேன்.

சாயங்காலம் மன்னி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன்.  பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"விசாலம், கோச்சுக்காதே. அவர் எழுதினது எழுதினபடியே இருந்துட்டாத்தான் என்ன?"

"என்னது?"

"குழந்தை இந்தாத்துலதானே வளர்றான். நாளைக்கு இவர் சொத்து, இந்த வீடு, எல்லாம் அவனுக்குத்தானே. அந்த மனுஷர் பணத்துக்கு நீ ஏன் ஊர் ஊராப் போய் நிக்கணும்?"

எனக்கு வந்த கோபத்தில் கீரைக்கட்டைத் தள்ளிவிட்டேன். "என் குழந்தையை யாரும் கொடுக்கவும் இல்லே, யாரும் வாங்கிக்கவும் இல்லே, மன்னி."

மன்னி கீரையைப் பொறுக்கினாள். "ஜுரம் வந்தா ராத்திரி முழுக்க முழிச்சுண்டிருக்கறது நான். நீ ஆபீஸ் போயிடறே. எனக்கு மட்டும் வெறும் நமஸ்காரம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நவம்பர் 24, ஞாயிறு

வெயில், வெகு நாளைக்குப் பிறகு. சந்துருவைக் கூட்டிக்கொண்டு சாந்தோம் கடற்கரை. நொச்சிக்குப்பம் பக்கம் கட்டுமரம் எல்லாம் கரையில். கருவாட்டு வாசனை பிடிக்கவில்லை என்று மூக்கைப் பொத்திக்கொண்டான், பிறகு மறந்துபோய் ஓடினான்.

சொன்னேன். எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. பெங்களூர் போகிறோம், அப்பாவைப் பார்ப்பாய், ஒரு ஜட்ஜ் மாமா உன்னை அபிவாதயே சொல்லச் சொல்வார், தினம் சொல்கிறபடி சொன்னால் போதும்.

அப்பா என்றதும் நின்றுவிட்டான். மூன்று வயசில் பார்த்தது.

"அப்பா எப்படி இருப்பார்?"

"உயரமா."

"என்னை அடையாளம் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மணலில் நின்று ஒரு தரம் சொல்லிக் காட்டினான். கையால் காதைத் தொட்டுக்கொண்டு, கௌசிக கோத்ரம், சந்திரசேகர சர்மா என்று மணி மாதிரி. பிறகு குறும்பு. மாமா மாதிரி மூக்கால் பாரத்வாஜம் சொல்லிக் காட்டினான். மாமா தினம் இரண்டு வேளை சந்தியாவந்தனத்தில் சொல்வது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் இருமுகிற இடத்தில் இவனும் இருமினான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த மாசத்தில் முதல் சிரிப்பு.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள். "இன்னா கண்ணு, மந்திரம் சொல்லிக்கினு கீறே? யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு" என்றான்.

நவம்பர் 27, புதன்

மூட்டை. சந்துருவுக்குப் புது வேஷ்டி, சிவப்புக் கரை. அவனே தேர்ந்தெடுத்தது. மன்னி புளிசாதமும் மோர் மிளகாயும் கட்டினாள். குழந்தைக்கு மட்டும் தனியாகத் தேங்காய் பர்பி. விடிகாலையில் கிளம்பணும் என்று குழந்தை இன்றே அவளுக்கு நமஸ்காரம் பண்ணினான். தலையைத் தடவினாள். என்னைப் பார்த்து, "ஜாக்கிரதை" என்றாள். எதற்கு ஜாக்கிரதை என்று தெரியவில்லை.

நவம்பர் 28, வியாழன்

காலை வண்டி. சென்ட்ரலில் இடித்துப் பிடித்து ஏறினோம். அண்ணா நின்றுகொண்டே வந்தார். ஜோலார்பேட்டை தாண்டினதும் குளிர். முதலில் கண்டோன்மென்ட், அது வெள்ளைக்காரன் எல்லை. அடுத்தது சிட்டி, மகாராஜா எல்லை. சந்துரு ஜன்னலில் எல்லைக்கோடு தேடினான். காணவில்லை என்று ஏமாந்தான்.

பசவனகுடியில் அண்ணாவின் சிநேகிதர் வீட்டில் தங்கல். இந்த ஊர் வாசனை மாறவே இல்லை. அதே சாம்பிராணி, அதே சம்பங்கி, அதே ஈர ரோடு. இங்கேதான் குடித்தனம் பண்ணினேன்.

நவம்பர் 29, வெள்ளி

எழுதத் தெம்பில்லை. இருந்தாலும் இன்றே எழுதிவிடவேண்டும்.

கோர்ட் தாழ்வாரம். பத்து மணிக்கே போய்விட்டோம். பெ. வந்தார். தலையில் சரிகை உருமால். காதோரம் நரைத்திருக்கிறது, உடம்பு போட்டிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவர் வக்கீல்.

நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. சந்துரு தானாகவே அண்ணா கையை விட்டுவிட்டு ஓடினான். அவர் காலடியில் விழுந்து நமஸ்காரம் பண்ணினான். எழுந்து, காதைத் தொட்டுக்கொண்டு, "அபிவாதயே" என்று ஆரம்பித்தான்.

அந்த வக்கீல் பெ. தோளைப் பிடித்து இழுத்தான். "சாமி, தள்ளிப் போங்க. சாட்சி இருக்கற இடத்துல இதெல்லாம் வாங்கிக்கக்கூடாது. கேஸ் போயிடும்."

பெ. இரண்டடி பின்னால் போனார். குழந்தை கை காதிலேயே இருக்கிறது. ரிஷிகள் பெயர் பாதி சொல்லியாயிற்று. பெ. முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தார். கன்னட நோட்டீஸ். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை.

சந்துரு கையை இறக்கினான். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். வேஷ்டியில் மண். தட்டிவிட்டேன். 

உள்ளே. மாஜிஸ்ட்ரேட் வயசானவர், நெற்றியில் நாமம், கன்னடம் கலந்த தமிழ். கெட்டவர் இல்லை.

முதலில் பெ. கூண்டு ஏறிச் சத்தியம் பண்ணினார். "என் மைத்துனர் கேட்டார். நான் மனப்பூர்வமாக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் அவன் என் பிள்ளை இல்லே." மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் கொடுத்தேன் என்றார். குரல் பிசகவில்லை. குழந்தை பெஞ்சு நுனியில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அண்ணா. கேள்வி கேட்டது பெ.யின் வக்கீல்.

"இந்தப் பத்திரிகை நீங்க அடிச்சதா?"

"ஆமாம். ஆனா..."

"ஆனா வேண்டாம். எனது குமாரன்னு இருக்கா?"

"இருக்கு."

"அது பொய்யா?"

"பொய்தான். ஊர் வாய்க்கு பயந்து..."

"ஊருக்கு பயந்து பொய் அச்சடிச்சவர் பணத்துக்காகக் கோர்ட்டுல பொய் சொல்லமாட்டாரோ?"

யாரோ சிரித்தார்கள். அண்ணாவுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. அவர் முப்பது வருஷம் ஒரே ஆபீஸில் ஒரு பேச்சு வாங்காதவர்.

நானும் சொன்னேன். கொடுக்கவில்லை என்றேன். பெற்றவள் சொல்கிறேன் என்றேன். "பெற்றவள்தான், இல்லைன்னு யார் சொன்னா?" என்றான் அந்த வக்கீல்.

எங்கள் வக்கீல் எழுந்து பையனை விசாரிக்கவேண்டும் என்றார். மாஜிஸ்ட்ரேட் முகம் மலர்ந்தது. "பாப்பா, இங்கே வா" என்று கூப்பிட்டார். "உபநயனம் ஆச்சா? பேஷ். தாத்தாவுக்கு ஒரு அபிவாதயே சொல்லு பார்க்கலாம்."

போனான். நமஸ்காரம் பண்ணினான். நிமிர்ந்து காதைத் தொட்டுக்கொண்டான். பெ. பக்கம் ஒரு தரம் பார்த்தான். நான் பார்த்தேன், அவன் பார்த்ததை.

பாரத்வாஜம் சொன்னான்.

ரிஷி மூன்று பேர், கோத்ரம், சூத்ரம், எல்லாம் மாமாவுடையது. கடற்கரையில் சொன்னபோது வந்த மூக்குக்குரல் இல்லை, இருமல் இல்லை. கணீரென்று சொன்னான்.

அண்ணா "ஐயோ" என்றார். நான் எழுந்துவிட்டேன். "சந்துரு, என்னடா இது, சரியாச் சொல்லுடா!" என்று கத்தினேன். சேவகன் உட்காரச் சொன்னான்.

மாஜிஸ்ட்ரேட் மெதுவாகக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணா. உன் கோத்ரம் என்ன?"

"பாரத்வாஜம்."

"யார் பிள்ளை நீ?"

அண்ணாவைக் கை காட்டினான்.

மத்தியானமே தீர்ப்பு. சுவீகாரம் நம்பத்தகுந்தது. ஜீவனாம்சம் ரத்து. பெ. அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு போனார். வாசல்படியில் ஒரு தரம் நின்ற மாதிரி இருந்தது. திரும்பவில்லை.

நவம்பர் 30, சனி

ரயில். சந்துரு ஜன்னல் பக்கம். பர்பி பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. எதிரில் ஒரு மாமி, "யார் குழந்தை? துறுதுறுன்னு இருக்கானே" என்றாள். அண்ணா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மாமி தானாகவே "உங்க ஜாடைதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

காட்பாடியில் காபி. அப்போதுதான் கேட்டேன். அடிக்கவேண்டும் என்று நேற்று நினைத்ததெல்லாம் போய்விட்டது.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அவர் என்னை வேண்டாம்னார். நானும் அவரை வேண்டாம்னுட்டேன்."

ஒன்பது வயசு. எனக்கு வராத தைரியம். அந்த வார்த்தையை ஆறு வருஷம் முன்னால் நான் சொல்லியிருக்கவேண்டும். அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன். சட்டை பூராவும் கரி.

அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் வெடித்தது. "வேண்டாம்னியா? யாரை வேண்டாம்னே தெரியுமாடா, மடையா? சுவீகாரம்னா என்னன்னு தெரியுமா? இனிமே கோர்ட்டுக் கணக்குல நான் உன் அப்பா. ஆத்துல இருக்காளே, அவ உன் அம்மா. இவ உனக்கு யாரு? அத்தைடா, அத்தை!"

"அண்ணா, போறும்" என்றேன்.

சந்துரு என்னைப் பார்த்தான். விளையாட்டு என்று நினைத்தான் போல, சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"நான் அவரை மட்டும்தானே சொன்னேன்" என்றான்.

அரக்கோணத்தில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை இறக்க முடியவில்லை, மக்கர். மூன்று பேரும் நனைந்தோம். அப்பீல் போடலாம் என்று நேற்று பெங்களூர் வக்கீல் சொன்னார். பையன் வாக்குமூலத்தை என்ன செய்வது என்றால், அதை அப்புறம் பார்க்கலாமாம்.

சூபரின்டெண்டென்ட் கேட்ட பூ மறந்துபோயிற்று.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. மன்னிக்கு அண்ணா ராத்திரியே சொல்லியிருப்பார். காலையில் கண் வீங்கியிருந்தது அவளுக்கு. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், திட்டுவதற்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன். என் பக்கம் காபியை நகர்த்திவிட்டு, "நான் சும்மா வாய் வார்த்தையாத்தான் சொன்னேன் விசாலம். இப்படியா ஆகணும்?" என்றாள். திட்ட முடியவில்லை. காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

சந்துரு ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்து கிணற்றடியில் குளித்தான். சந்தி பண்ணினான். மாமா பக்கத்தில் உட்காரவில்லை, தனியாக மூலையில். பிறகு சமையலறைக்கு வந்தான். ஈர வேஷ்டி, அதே சிவப்புக் கரை. நடுங்கினான்.

மன்னிக்கு முதலில். வெறும் நமஸ்காரம். எழுந்தான். அவள் "தீர்க்காயுசா இரு" என்றாள்.

அப்புறம் என் முன்னால் விழுந்தான். வெகு நேரம் எழவில்லை. எழுந்து இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு, "அபிவாதயே" என்றான். விச்வாமித்ரர், அகமர்ஷணர், கௌசிகர். தன்னை வேண்டாம் என்றவருடைய ரிஷிகள் அத்தனை பேரையும் எனக்காக வரிசையாகச் சொன்னான். கௌசிக கோத்ரம். சந்திரசேகர சர்மா. மன்னி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, சரியாச் சொன்னேனா? இப்போ போய் அந்தத் தாத்தாகிட்டே சொல்லலாமா?"

சரியாகத்தான் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை.